கல்லாகிப் போன பிளம்ஸ்

கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகில் வண்டி நின்றதும் இறங்குவார்கள். நீர்வீழ்ச்சியை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். பழக்கடையை அரை மணி நேரம் பார்ப்பார்கள். மே, ஜூன் மாதமானால் அங்கே குவிந்து கிடப்பது பிளம்ஸ். கருஞ்சிவப்பு நிறம்; மேலே திருநீறு பூசினாற்போல் ஒரு மெல்லிய வெண்பூச்சு; விரலால் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். ஒரு கிலோ வாங்கப் போனவர் நாலு கிலோவோடு திரும்புவார். போன வருஷம் நானும் அப்படித்தான் திரும்பினேன்.

மதுரைக்கு வந்து சேர்ந்த அன்று ஆளுக்கு நாலைந்து தின்றோம். புளிப்பு மண்டைக்கு ஏறியது. மறுநாள் யாரும் கூடைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அடியில் இருந்த பழங்கள் கனிந்து தோல் வெடித்து, சமையலறையில் பழ ஈக்கள் வட்டமிட ஆரம்பித்தன.

"என்னங்க, இதை என்ன செய்யறதா உத்தேசம்?" என்றாள் என் மனைவி.

உத்தேசம் ஒன்று இருக்கத்தான் செய்தது. நாலு கிலோ வாங்கியதே என் தகப்பனாருக்காக. அவர் உத்தியோகத்தில் இருந்தபோது மூன்று வருஷம் கொடைக்கானலில் இருந்தவர். ஆபீஸிலிருந்து வரும்போது கோட்டுப் பை நிறைய பிளம்ஸ் வாங்கிக்கொண்டு, வீடு வந்து சேருமுன் பாதியைத் தின்று தீர்த்துவிடுவாராம். அம்மா இருந்த வரையில் இதைச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவருக்கு வயது 78. பல் செட்டுக் கட்டியிருக்கிறார். பிளம்ஸைக் கடித்தால் ஈறு கூசுகிறது. போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி வேறு. ஒரு பழத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கூடையில் வைத்துவிட்டார். எனக்கு அதுதான் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

கடிக்க முடியாவிட்டால் என்ன? கரைய வைத்துக் கொடுக்கலாமே!

சர்பத்தின் சகோதரன்

மேல்நாட்டு ஓட்டல்களில் 'சார்பே' என்று ஒரு பதார்த்தம் பரிமாறுகிறார்கள். ஐஸ்கிரீம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் பால் கிடையாது, பாலேடு கிடையாது, முட்டை கிடையாது. பழமும் சர்க்கரையும் தண்ணீரும்தான். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அரபு மொழியில் 'குடி' என்று பொருள்படும் ஒரு வேரிலிருந்து பிறந்த சொல் அது. அதே வேரிலிருந்து வந்ததுதான் நம் தெருமுனை நன்னாரி சர்பத்தும்! ஒரு சகோதரன் பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தான். இன்னொருவன் துருக்கி வழியாக இத்தாலிக்குப் போய், அங்கே உறைந்து கட்டியாகிப் பிரான்சுக்குக் குடி பெயர்ந்தான். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690-களில் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இதற்குச் செய்முறை இருக்கிறது.

பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், செர்ரி ஆகியவை எல்லாம் ஒரே குடும்பம். நடுவில் ஒற்றைக் கொட்டை, கொட்டையைச் சுற்றிச் சதை, மேலே மெல்லிய தோல். பாதாமும் இவற்றுக்கு நெருங்கிய உறவுதான். அதில் மட்டும் நாம் சதையை விட்டுவிட்டுப் பருப்பைத் தின்கிறோம். குடும்பம் வேறானாலும் கனியின் அமைப்பைப் பார்த்தால் நம் மாம்பழமும் இலந்தையும்கூட இந்த வகையில்தான் சேரும். குளிர்கால மாதங்களில் போதுமான குளிர் கிடைத்து மரம் உறங்கி எழுந்தால்தான் பிளம்ஸ் சரியாகப் பூத்துக் காய்க்கும். அதனால்தான் தமிழ்நாட்டில் பழனி மலையையும் நீலகிரியையும் விட்டு அது கீழே இறங்குவதில்லை. கீழே இறங்குவது பழம் மட்டும்தான். அதுவும் நாலு நாளைக்கு மேல் தாங்குவதில்லை.

முதல் கிலோ, இரண்டாவது கிலோ

முதல் நாள் ஒரு கிலோவை எடுத்தேன். பழத்தை இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு, தோலோடு ஒரு சிறு டம்ளர் தண்ணீர் விட்டு, மிதமான தீயில் பத்து நிமிஷம் வேக வைத்தேன். தோலை உரிக்கக் கூடாது. பிளம்ஸின் நிறமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. வேகும்போது அது சதையில் இறங்கி, மஞ்சளாக இருந்த பழக்கூழ் கண்ணெதிரே குங்குமச் சிவப்பாக மாறுவது பார்க்க வேண்டிய காட்சி! ஆறியதும் மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கூழ் கிடைத்தது.

இதில் சர்க்கரை எவ்வளவு போடுவது? அப்பாவுக்காகச் செய்வது அல்லவா? 50 கிராம் மட்டும் போட்டுக் கலக்கி, எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி பிரீசரில் வைத்தேன்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் உள்ளே இருந்தது பிளம்ஸ் அல்ல, கருங்கல்! கரண்டி வளைந்தது. தேங்காய் உடைக்கும் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினேன். ஒரு சில்லு பறந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அப்பா கூடத்திலிருந்து, "டேய், யாரு கதவை உடைக்கிறது?" என்று குரல் கொடுத்தார்.

கோபத்தோடு கோபமாக இரண்டாவது கிலோவை எடுத்தேன். இந்தத் தடவை சர்க்கரை அரைக் கிலோ. அது வேறு திக்கில் போயிற்று. ஒரு ராத்திரி முழுதும் பிரீசரில் இருந்தும் அது உறையவே இல்லை. கரண்டியில் எடுத்தால் இருமல் மருந்து மாதிரி கொழகொழவென்று வழிந்தது. நாக்கில் வைத்தால் தித்திப்பு தவிர வேறு ருசி தெரியவில்லை.

இரண்டு பாத்திரங்களையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்தாள். பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கல்லைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து இளக விட்டாள். பாகை அதன் தலையில் கொட்டினாள். தண்ணீர் ஒரு டம்ளர் விட்டுக் கலக்கி, ஐஸ் தட்டுகளில் ஊற்றி, திரும்பவும் பிரீசரில் வைத்தாள். சாயந்திரம் அந்தக் கட்டிகளை மிக்ஸியில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள். வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது!

"ஒண்ணுல குறைச்சல், ஒண்ணுல ஜாஸ்தி. சேர்த்தா சரியாப் போகுது" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். நான் கல்லூரியில் ரசாயனம் படித்தவன்.

சர்க்கரைக்கு இரண்டு வேலை

நாம் நினைப்பதுபோல் சர்க்கரை இதில் தித்திப்புக்காக மட்டும் சேருவதில்லை. சுத்தமான தண்ணீர் 0 டிகிரியில் உறையும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் அந்த இடத்தில் உறையாது; இன்னும் இரண்டு மூன்று டிகிரி கீழே போக வேண்டும். அப்போதும் ஒரேயடியாக உறைவதில்லை. முதலில் தண்ணீரில் ஒரு பகுதி பனிப் படிகமாகப் பிரியும். மிச்சமுள்ள நீரில் சர்க்கரையின் அடர்த்தி கூடும். கூடக் கூட அது உறைவது இன்னும் கஷ்டமாகும். வீட்டு பிரீசரின் மைனஸ் 18 டிகிரியில்கூடக் கொஞ்சம் பாகு உறையாமல் படிகங்களுக்கு நடுவே நின்றுவிடும். கரண்டி இறங்குவது அந்தப் பாகின் தயவால்தான்.

ஆகவே, மொத்த எடையில், பழத்திலேயே இருப்பதையும் சேர்த்து, சர்க்கரை 100-க்கு 25 முதல் 30 பங்கு வரை இருக்க வேண்டும். என் முதல் கலவையில் இருந்தது சுமார் 14 பங்கு, அது கல்லாயிற்று. இரண்டாவதில் 44 பங்கு, பாகாயிற்று. இரண்டையும் ஒரு டம்ளர் தண்ணீரோடு சேர்த்தால் 30-க்குப் பக்கத்தில் வருகிறது. கணக்கை நான் பிறகு போட்டுப் பார்த்தேன். கை முதலிலேயே போட்டுவிட்டது.

சர்க்கரைக்குப் பதிலாகச் சாக்கரின் போன்ற மாத்திரைகளைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தித்திப்பு வரும், மிருது வராது. அவை மிகச் சொற்ப அளவிலேயே தித்திப்பவை. தண்ணீர் உறைவதைத் தடுக்க அந்த அளவு போதாது. திரும்பவும் கருங்கல்தான்.

இதனால் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 100 கிராம் சார்பேயில் ஏறக்குறைய ஆறு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. 'பழம்தானே, பால்கூட இல்லையே' என்று கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடக் கூடிய வஸ்து அல்ல இது. அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று அவருடைய டாக்டரைக் கேட்டோம். "அன்றைக்குச் சாதத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு கரண்டி. அதற்கு மேல் கூடாது" என்றார். இது அப்பாவின் உடம்பைப் பார்த்து அவருக்குச் சொன்னது. மற்றவர்கள் அவரவர் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

செய்முறை

இனி அளவுகள். பிளம்ஸ் 1 கிலோ. தண்ணீர் 100 மில்லி. சர்க்கரை 220 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. முன்னே சொன்னபடி வேக வைத்து, அரைத்து, வடிகட்டி, சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும். வாயில் வைத்துப் பார்த்தால் சற்றுத் தித்திப்பு தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிர்ந்த நாக்குக்குத் தித்திப்பு மட்டாகத்தான் தெரியும். எனவே சூட்டில் சரியாக இருப்பது குளிரில் சப்பென்று போய்விடும். சர்க்கரையில் ஒரு கரண்டியைக் குறைத்து அதற்குப் பதில் தேன் விட்டால் பனிப் படிகம் பெரிதாகாமல் இருக்கும். கலவையை பிரிட்ஜில் நாலு மணி நேரமாவது நன்றாகக் குளிர வைத்த பிறகே உறைய வைக்க வேண்டும்.

தராசு இல்லாத வீடுகளில் மேல்நாட்டுப் பெண்மணிகள் ஒரு யுக்தி செய்கிறார்கள். நன்றாகக் கழுவிய புது முட்டை ஒன்றை உடைக்காமல் கலவையில் மெதுவாக விடுகிறார்கள். மூழ்கினால் சர்க்கரை குறைவு. மிதந்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் பதம் சரி. அதற்கு மேல் தெரிந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்படியில் முட்டை நுழைய அனுமதி இல்லை. தராசுதான் வாங்க வேண்டியிருந்தது.

உறைய வைப்பதற்கு மிஷின் வேண்டாம். ஐஸ் தட்டுகளில் ஊற்றி, கட்டியானதும் ஐந்து நிமிஷம் வெளியே வைத்து, மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி, திரும்பவும் ஒரு மூடிய டப்பாவில் இரண்டு மணி நேரம் பிரீசரில் வைத்தால் போதும். தொடர்ந்து ஓட்டினால் மிக்ஸியின் சூட்டில் இளகிவிடும்.

பீச்சுக்கு வேறு வழி. கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் துணி கழற்றுவதுபோல் கழன்றுவிடும். சதையை வெட்டியவுடன் எலுமிச்சம் பழச் சாறு பிழிய வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்டு வாழைக்காய் மாதிரி கறுக்கும். மாம்பழத்துக்கு அடுப்பே வேண்டாம். நார் இல்லாத பங்கனப்பள்ளிச் சதை 1 கிலோவுக்கு 150 கிராம் சர்க்கரையும், இரண்டு எலுமிச்சம் பழச் சாறும், அரை டம்ளர் தண்ணீரும் போதும். மாம்பழத்தில் இயற்கையாகவே சர்க்கரை அதிகம், புளிப்புதான் பற்றாது.

ஒரு எச்சரிக்கை. சில மேல்நாட்டுக் குறிப்புகளில், பிளம்ஸ், ஆப்ரிகாட் கொட்டைகளை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைக் கலவையில் ஊற வைத்தால் பாதாம் வாசனை வரும் என்று எழுதியிருக்கிறார்கள். வாசனை வருவது வாஸ்தவம். ஆனால் அந்தப் பருப்பு நசுங்கி ஈரம் பட்டால் வாசனையோடு கூடவே சயனைட் விஷமும் பிறக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பரீட்சை வேண்டவே வேண்டாம். மிக்ஸியில் போடுமுன் ஒரு கொட்டைகூடத் தப்பி உள்ளே போகாமல் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. தவறி ஒரு கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டால் விஷத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கிவிடாமல் இருப்பதுதான் முக்கியம். ஆபத்து பருப்பை உடைப்பதில்தான்.

தூக்குவாளி

மூன்றாவது கிலோவைச் செய்ய நினைத்த ஞாயிற்றுக்கிழமை கரெண்ட் போய்விட்டது. சாயந்திரம் வரை வராது என்றார்கள். கலவை தயாராக இருந்தது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, "அந்தக் காலத்துல கரெண்டு வெச்சா ஐஸ் செஞ்சாங்க? போய் ஐஸும் கல்லுப்பும் வாங்கிட்டு வாடா" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். அக்பர் அரண்மனையில் வெடியுப்பைக் கரைத்துத் தண்ணீரைக் குளிர வைத்த விவரத்தை அபுல் பசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 180 டன் பனிக்கட்டியோடு ஒரு கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதம் கடலில் உருகியது போகச் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அவருடைய பனிக்கட்டியைச் சென்னையில் சேமித்து வைக்க 1842-ல் கட்டியதுதான் கடற்கரை ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் வந்து தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். அடுத்த வருஷமே, அதாவது 1843-ல், அமெரிக்காவில் நான்ஸி ஜான்ஸன் என்ற பெண்மணி கைப்பிடி வைத்துச் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குப் பேடெண்ட் வாங்கினார். நம் ஊர் குல்பிக்காரர் பானைக்குள் உப்பும் ஐஸும் போட்டு வைப்பதும் அதே தத்துவம்தான். உப்புப் பட்டதும் ஐஸ் வேகமாக உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பக்கத்திலுள்ள பாத்திரத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உப்பு நீர் மைனஸ் 21 டிகிரி வரைகூடக் குளிரும்.

வாளியில் கோணிச் சாக்கைச் சுற்றினோம். உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு என்று மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் அரை லிட்டர் கலவையை வைத்தோம். தூக்கின் வாய்க்கு மேல் ஐஸ் வரக் கூடாது. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் எல்லாம் பாழ். மார்க்கெட்டில் விற்கும் பாளம் ஐஸ் மீன் பதப்படுத்துவதற்கும் ஆகிறது. அது பழத்தில் படவே கூடாது.

அப்பா நாற்காலியை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தூக்கின் பிடியைப் பற்றி இப்படியும் அப்படியும் திருக ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக் கரண்டியால் நான் சுரண்டி நடுவில் தள்ளினேன். நான் சுற்றுகிறேன் என்றால் விடவில்லை. கொடைக்கானலில் மழை நாளில் பிளம்ஸ் தோப்புக்குப் பக்கத்தில் நடந்து போனதையும், அப்போது நான் கைக்குழந்தை என்பதையும், அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாததையும் சொல்லிக்கொண்டே சுற்றினார். முப்பத்தைந்து நிமிஷத்தில் பிடி நகர மறுத்தது.

மூடியைத் திறந்தோம். மிக்ஸியில் செய்ததைவிட இது ஒரு மாற்று உயர்வு. விடாமல் அசைந்துகொண்டே உறைந்ததால் படிகங்கள் பெரிதாக அவகாசம் இல்லை. நாக்கில் பட்டதும் நரநரப்பே இல்லாமல் கரைந்து, புளிப்பு முதலிலும் தித்திப்பு பின்னாலும் வந்தது.

அப்பா முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதை மெதுவாகச் சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

"மாமா, டாக்டர் ரெண்டு கரண்டின்னு..." என்று இழுத்தாள் என் மனைவி.

"சுத்தினவனுக்குக் கூலி கிடையாதாம்மா?" என்றார்.

அரைக் கரண்டி கொடுத்தோம்.